சைக்ளோஸ்டைல் சாட்சி

1963 ஈஸ்டர் விடுமுறையில் அணுகுண்டு எதிர்ப்பாளர்கள் ஆல்டர்மாஸ்டனிலிருந்து லண்டனுக்கு நடந்தபோது, ஒரு சைக்ளோஸ்டைல் பிரசுரம் கைக்குக் கை மாறியது. அணுப்போர் மூண்டால் பிரிட்டனை வட்டாரவாரியாக ஆள்வதற்கு அரசு ரகசியமாய் ஏற்பாடு செய்திருந்த நிலையங்களை அது அம்பலமாக்கியது. எழுதியவர்கள் ‘சமாதான உளவாளிகள்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டார்கள். வாரன் ரோ கிராமத்து நிலையத்துக்குள் நுழைந்து ஆவணங்களைக் கிளப்பிவந்தவர்கள் அவர்கள். சுமார் 3,000 பிரதிகள் உருட்டி எடுத்தார்கள். தட்டச்சு இயந்திரத்தை ஆற்றில் போட்டார்கள். போலீஸ் வலைவீசியும் யாரும் சிக்கவில்லை. பொதுவாக வரலாற்றாசிரியர் முதலில் கேட்பது கடிதம், நாட்குறிப்பு, கூட்டக் குறிப்பு. துண்டுப் பிரசுரம் கடைசிப் பந்தி. இங்கே அந்த வரிசை செல்லாது. வைத்திருந்தால் சிறை என்ற நிலையில் எவர் கூட்டக் குறிப்பு எழுதுவார்? செய்தவர்கள் அன்று தங்கள் கையால் விட்டுச்சென்ற சாட்சி அந்த மலிவுத் தாள்தான். அதைப் பிறரும் தத்தம் இயந்திரங்களில் மறுபடி அடித்தார்கள். ஆகவே, ‘ஒரே பிரசுரம் எதற்கு இரண்டு?’ என்று ஒதுக்கும் நூலகர், செய்தி பரவிய தடத்தையே ஒதுக்குகிறார்.

பிரசாரக் காகிதம் ஒருதலைப்பட்சமானது, அதை எப்படி நம்புவது என்பார்கள். நியாயமான கேள்வி. எத்தனை பேர் அதை ஏற்றார்கள் என்று பிரசுரம் சொல்லாதுதான். ஆனால் அரசும் சும்மா இருக்கவில்லையே! 1980-ல் பிரிட்டிஷ் அரசு, ‘பாதுகாத்துக்கொள், பிழைத்திரு’ என்ற பொருளில் தலைப்பிட்டு, அணுகுண்டு விழுந்தால் வீட்டுக்குள்ளேயே தஞ்சம் அமைப்பது எப்படி என்று சிறுநூல் போட்டது. அதே ஆண்டு வரலாற்றாசிரியர் இ.பி. தாம்சன், முதல் சொல்லை மட்டும் ‘எதிர்த்து நில்’ என்று மாற்றிப் பதில் பிரசுரம் எழுதினார். ஓவியர் பீட்டர் கென்னார்ட், அரசு நூலைப் படிக்கும் எலும்புக்கூட்டை ஒட்டுப்படமாக்கினார். அரசு நூலைத் தூர எறிந்தவருக்கு மற்ற இரண்டின் கிண்டலும் விளங்காது. எதிரியின் காகிதத்தையும் அதே பெட்டியில் வைக்கும் சேகரிப்பாளரிடம் ஒருதலைப்பட்சம் என்ற புகாரே பாதி கரைந்துவிடுகிறது.

மீதிப் பாதி சேகரிப்பாளர் மேலேயே விழுகிறது. அவர் கண் அழகின் பக்கம் சாயும். ஜெரால்டு ஹோல்டம் 1958 ஆல்டர்மாஸ்டன் நடைப்பயணத்துக்காக வரைந்த வட்டச் சின்னத்தை உலகமே பத்திரப்படுத்துகிறது; அதே நடைக்கு ஆள் சேர்த்த மங்கல் தாள்களைத் தேடுவோர் குறைவு. அந்தச் சின்னத்தின் தொடக்ககால பேட்ஜுகள் சில சுட்ட களிமண்ணில் செய்யப்பட்டவை. அணுத்தீயிலும் இவை மிஞ்சும் என்று ஒரு குறிப்புத் தாளையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டவர்களில் எத்தனை பேர் அந்தத் தாளை வைத்திருந்திருப்பார்கள்?