மாங்கனி தெரியும், பாட்டு தெரியுமா?

காரைக்கால் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மாங்கனித் திருவிழா. ஆனிப் பௌர்ணமியை ஒட்டி பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது, மாடிகளில் இருந்தெல்லாம் மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். புனிதவதி அடியாருக்கு இட்ட மாம்பழமும், இறைவன் தந்த இன்னொரு மாம்பழமும் ஊரறிந்த கதை. 1973-இல் ஏ.பி.நாகராஜன் இயக்கி, கே.பி.சுந்தராம்பாள் நடித்த 'காரைக்கால் அம்மையார்' படம் அதை வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

இந்தக் கதையை விரித்துச் சொல்வது 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம். அம்மையார் வாழ்ந்ததோ ஏறத்தாழ 6-ஆம் நூற்றாண்டு என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இடையில் சுமார் 600 ஆண்டுகள்! அம்மையாரின் சொந்தப் பாடல்களில் மாங்கனியும் இல்லை, கணவன் பரமதத்தனும் இல்லை. அப்படியானால் அவற்றில் என்னதான் இருக்கிறது?

அம்மையாரின் பெயரில் கிடைப்பவை 143 பாடல்கள். அற்புதத் திருவந்தாதி 101 வெண்பா. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாகி, கடைசிப் பாட்டு முதல் பாட்டோடு வந்து சேர்ந்துவிடும். திருஇரட்டை மணிமாலையில் வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் மாறி மாறி 20 பாடல்கள். மீதி 22 பாடல்கள் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டும். இவை அனைத்தும் பதினோராம் திருமுறையில் உள்ளன.

பதிகங்கள் இரண்டும் இசைப்பாட்டுகள். முதலாவதற்குப் பண் நட்டபாடை, அடுத்ததற்கு இந்தளம். பாட்டின் களம் கோயில் அல்ல, சுடுகாடு. கள்ளி, நரி, ஆந்தை, பேய்கள், அவற்றின் நடுவே ஆடும் சிவன். அந்த ஆட்டத்துக்குத் துத்தம், கைக்கிளை, விளரி, உழை, இளி என்று சுரப்பெயர்களையும், தக்கை, மத்தளம், வீணை, குடமுழா என்று கருவிகளையும் அடுக்குகிறார். இசையைக் கற்றறிந்தவரால்தான் இப்படிப் பாட முடியும். முடிவில் தன் பெயரை 'காரைக்கால் பேய்' என்று பதிக்கிறார். ஒரு வணிகக் குடும்பத்துப் பெண் அழகையும் இல்வாழ்வையும் விட்டபின் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் அது.

பத்துப் பாட்டு, இறுதியில் பாடியவர் பெயரோடு ஒரு பாட்டு என்ற இந்த அமைப்பு, பிறகு சம்பந்தர் பதிகங்களில் நிலைபெற்றது. தேவாரத்துக்கு முற்பட்டவை என்பதால்தான் இவை 'மூத்த' பதிகங்கள். சம்பந்தரின் முதல் திருமுறை நட்டபாடையிலும், இரண்டாம் திருமுறை இந்தளத்திலும் தொடங்குவதையும் இங்கே கவனிக்கலாம். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அம்மையாரைப் 'பேயார்' என்றே வணங்குகிறார்.

பாட்டின் புகழ் கடலையும் கடந்தது. கம்போடியாவின் பாந்தே ஸ்ரே கோயிலில், 10-ஆம் நூற்றாண்டில், ஆடும் சிவனின் காலடியில் செதுக்கப்பட்ட மெலிந்த பெண்ணை அறிஞர்கள் அம்மையார் என்றே அடையாளம் காண்கிறார்கள். 1956-இல் காரவேலனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பைப் புதுச்சேரியின் பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் வெளியிட்டது. காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்டு அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன.

கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பத்திலும், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள சோழர் காலச் செப்புத் திருமேனியிலும் எலும்பும் தோலுமாக அம்மையார் அமர்ந்திருக்கிறார். அந்தச் சிற்பிகள் அவர் கையில் மாங்கனியைக் கொடுக்கவில்லை, தாளத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அவர் முதலில் ஒரு பாடகி!