உடைச்சு விளையாட ஒரு பொட்டி

வலைத்தளம் செய்யக் கத்துக்கணும்னு வர்ற பசங்ககிட்ட நான் முதல்ல சொல்றது ஹெச்.டி.எம்.எல். பாடம் இல்லைங்க. "கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் போட்டுக்கோ" என்பதுதான். பெரும்பாலும் வீட்ல இருக்கறது ஒரே பொட்டி. அப்பாவோட கணக்கு, அக்கா கல்யாண போட்டோ எல்லாம் அதுலதான். அதுல அபாச்சி, மைசீக்வல்னு போட்டு நோண்ட எந்தப் பிள்ளைக்குக் கை வரும்? பயந்துக்கிட்டே தொட்டா படிப்பு ஏறாது.

இந்த மெய்நிகர் கணினி ஏதோ நேத்து வந்த சரக்குன்னு பலபேர் நினைக்கறாங்க. கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோமா?

1960கள். ஆளுக்கொரு கணினி என்பது கனவுலகூட நடக்காத காலம். ஒரே பொட்டியைப் பலபேர் பங்கு போட்டுக்கற 'நேரப் பகிர்வு' முறையை 1961-ல் எம்.ஐ.டி.யில் செஞ்சு காட்டினாங்க. அந்த வேலையில் இருந்த ராபர்ட் கிரீசி, 1964-ல் ஐ.பி.எம்.மின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்துக்கு வந்து, லெஸ் கோமோவோட சேர்ந்து சி.பி-40 திட்டத்தை ஆரம்பிச்சார். நேரத்தை மட்டும் பங்கு போடாம, பொட்டியையே நகலெடுத்து ஆளுக்கொண்ணா கொடுத்தா என்ன? இதுதான் அவங்க யோசனை. 1967 ஜனவரியில் அது புழக்கத்துக்கு வந்தது. ஒரே சிஸ்டம்/360 மாடல் 40-க்குள்ள, தலைக்கு 256 கிலோபைட் நினைவகத்தோட 14 மெய்நிகர் கணினிகள்! ஒருத்தர் தன்னோடதைக் கவிழ்த்தாலும் மத்த 13 பேருக்கு ஒண்ணும் ஆகாது.

சூட்சுமம் இதுதான். உள்ளே இருக்கறவர் வன்பொருளைத் தொடற உத்தரவு போட்டா, பிராசசர் அதைச் செய்யாம, மேல உக்காந்திருக்கற கட்டுப்பாட்டு நிரலைக் கூப்பிடும். அந்த நிரல் அவருக்குரிய பங்குல மட்டும் வேலையை முடிச்சுக் கொடுக்கும். 1972-ல் ஐ.பி.எம். இதை வி.எம்./370 என்று வெளியிட்டது. 1974-ல் போபெக், கோல்ட்பெர்க் என்ற இருவர், இதுக்கு ஒரு பிராசசர் எப்படி இருக்கணும்னு இலக்கணமே எழுதிட்டாங்க.

அப்புறம் வந்தது நம்ம பி.சி. விலை மலிவு, ஆனா அந்த இலக்கணம் இதுல உடைஞ்சு போச்சு. இன்டெல் பென்டியத்தில் 17 உத்தரவுகள் இந்த விதிக்கு அடங்காதவைன்னு 2000-ல் ஓர் ஆய்வு கணக்கெடுத்தது. அனுமதி இல்லாத இடத்துல இதுங்க மேலிடத்தைக் கூப்பிடறதில்லை. சிலது கமுக்கமா சும்மா இருந்துடும், சிலது உண்மை நிலவரத்தைப் போட்டுக் கொடுத்துடும்!

ஸ்டான்ஃபோர்டில் 1997-ல் 'டிஸ்கோ' என்ற ஆய்வைச் செஞ்சவங்க, 1998-ல் விஎம்வேர் நிறுவனத்தைத் தொடங்கினாங்க. அந்த அடங்காத உத்தரவுகளை ஓட்டத்துலயே கண்டுபிடிச்சு மாத்தி எழுதற மென்பொருள் 1999-ல் வந்தது. 2005-ல் இன்டெல்லும் 2006-ல் ஏ.எம்.டி.யும் சில்லுலயே வசதி பண்ணிக் கொடுத்தாங்க. 2007-ல் விர்ச்சுவல்பாக்ஸ் திறந்த மூலமா வந்ததும், காசில்லாத மாணவனுக்கும் கதவு திறந்தது.

நான் செஞ்சு கொடுக்கறது ரொம்ப எளிமை. விர்ச்சுவல்பாக்ஸ், உள்ளே டெபியன், அதுக்கு 2 ஜி.பி. நினைவகம். அபாச்சி, பி.ஹெச்.பி., ஒரு தரவுத்தளம். வெளியே உலாவியில் 8080 போர்ட்டைத் தட்டினா உள்ளே 80-க்குப் போற மாதிரி ஒரு வழி. எல்லாம் ஓடுதுன்னு தெரிஞ்சதும் ஒரு ஸ்நாப்ஷாட். எழுதற நிரலை மட்டும் வெளியிலயும் ஒரு பிரதி வெச்சுக்கச் சொல்லுவேன். ஸ்நாப்ஷாட்டுக்குத் திரும்பினா, அதுக்கப்புறம் உள்ளே எழுதினது எல்லாம் போயிடும்.

அன்னைக்கு ஒரு ஆய்வுக்கூடத்துல 14 பேருக்கு மட்டும் கெடைச்ச சலுகை இது. உங்க வீட்லயும் கத்துக்கற பிள்ளை இருந்தா, முதல் நாளே அந்த உள்பொட்டியை மொத்தமா அழிச்சுப் பாக்கச் சொல்லுங்க. ரெண்டே நிமிஷத்துல அது பழையபடி எழுந்து நிக்கறதைப் பாத்துட்டா, அப்புறம் பிள்ளை எதையும் தைரியமா தொடும்.

அம்புட்டுதாங்க. வர்ட்டா? :-)