சில்லுக்கு எந்தக் கட்டை? கழற்றி நிறுத்தும் பெட்டி உருளாமல் இருக்க ஒரு வழிகாட்டி

கடந்த வரட்சிக் காலத்தில் குடிநீர்த் தட்டுப்பாடு பற்றி எழுதுவதற்காக சம்பூருக்கு அண்மையிலுள்ள ஒரு மீள்குடியேற்றக் கிராமத்துக்குச் சென்றிருந்தேன். காலை எட்டு மணிக்கு உழவு இயந்திரம் ஒன்று தண்ணீர் பௌசரை இழுத்துக்கொண்டு வந்தது. பௌசரை வீதியோரத்தில் கழற்றி விட்டுவிட்டு இயந்திரம் வேறு வேலைக்குப் போய்விட்டது. வீதி இலேசான இறக்கம். சில்லுக்கு அணையாக வைத்திருந்தது ஒரு பாதிச் செங்கல்.

சனம் குடங்களோடும் கான்களோடும் கூடிவிட்டது. சிறிது நேரத்தில் செங்கல் நொறுங்கிய சத்தம் கேட்டது. பௌசர் நகர்ந்து ஒரு வேலிக் கட்டையில் முட்டி நின்றது. இறக்கப் பக்கத்தில் குடத்தோடு நின்ற சிறுமியை அக்கா ஒருவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். யாருக்கும் காயமில்லை.

"ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் தம்பி. கல் கிடைச்சா கல்லு, இல்லாட்டி ஏதாவது ஒரு தடி" என்றார் அந்த அக்கா. கணவரை யுத்தத்தில் இழந்தவர். கணவருக்குப் பிறகு லாண்ட்மாஸ்டரையும் அதன் பெட்டியையும் வைத்து மணலும் விறகும் ஏற்றிக் குடும்பத்தைப் பார்க்கிறார். அவருடைய பெட்டிக்கும் அணை ஒரு கல்தான்.

அன்று எழுதப் போனது தண்ணீரைப் பற்றி. திரும்பி வரும்போது மனதில் நின்றது அந்தச் செங்கல். அதற்குப் பிறகு கராஜ்காரர்கள், லொறிச் சாரதிகள், தச்சு வேலை செய்பவர்கள் எனப் பலரிடம் கேட்டதையும், வாசித்து அறிந்ததையும், நானே செய்து பார்த்ததையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

பெட்டிக்கு பிரேக் இல்லை

நமது பகுதியில் ஓடும் உழவு இயந்திரப் பெட்டிகள், லாண்ட்மாஸ்டர் பெட்டிகள், பௌசர்கள், படகு ஏற்றும் இழுவைகள் ஆகியவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தனி பிரேக் கிடையாது. கொழுக்கியில் பூட்டியிருக்கும்வரை முன்னாலுள்ள இயந்திரம்தான் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. பின்னைக் கழற்றியதும் அந்தப் பிடி போய்விடுகிறது.

3,000 லீற்றர் தண்ணீர் என்றால் 3 தொன் பாரம். பௌசரின் இரும்போடு சேர்த்து 4 தொன் என்று வைத்துக்கொள்வோம். நூறு அடிக்கு ஐந்து அடி இறங்கும் வீதி பார்வைக்குச் சமதரை போலவே இருக்கும். அந்த இறக்கம்கூட 4 தொன் பௌசரை சுமார் 200 கிலோ விசையோடு கீழ்நோக்கி இழுக்கும். உவர்மலை வீதிகளிலும், கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையிலும் சரிவு இதைவிடக் கூடியது. அங்கே பாதிச் செங்கலின் கதி என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

சீனக்குடாவில் மா ஆலைக்கும் சீமெந்து ஆலைக்கும் வரும் லொறிகளைப் பார்த்திருப்பீர்கள். லொறி நின்றவுடன் கிளீனர் பின்னாலிருந்து ஒரு கட்டையை இழுத்தெடுத்துச் சில்லுக்கு அடியில் கொடுப்பார். பிரேக் உள்ள வண்டிக்கே கட்டை தேவைப்படுகிறது என்றால் பிரேக் இல்லாத பெட்டிக்கு அது கட்டாயம்.

நம்மவர்களுக்கு இது புதிய விடயமும் அல்ல. தேரை நிறுத்தவும் திருப்பவும் முட்டுக்கட்டை போடுவது நமது கோயில்களின் பழைய வழக்கம். தமிழ்நாட்டில் திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ரோலிக் பிரேக்கும் பொருத்திய பின்பும், முட்டுக்கட்டை போடுபவர்கள் இல்லாமல் அந்தத் தேர் வீதி சுற்றுவதில்லை.

கல் தேடிப் போகாதீர்கள்

2006 இல் மூதூர் கிழக்கை விட்டு வெருகல் பக்கமாக வெளியேறியபோது எங்கள் வீட்டுச் சாமான்கள் மாமாவின் உழவு இயந்திரப் பெட்டியில்தான் வந்தன. அப்போது நான் பள்ளிக்கூட மாணவன். இரவில் ஓரிடத்தில் பெட்டியைக் கழற்றி நிறுத்தியபோது அணை கொடுக்க எதுவும் கிடைக்கவில்லை. பெட்டியிலிருந்த அம்மியை இறக்கிச் சில்லுக்கு வைத்தார் மாமா. அம்மி பாரமானது, அடி தட்டையானது. பெட்டி அசையவில்லை. விடியுமுன் ஷெல் சத்தம் கேட்டு அவசரமாகப் புறப்பட்டபோது அம்மி அங்கேயே கிடந்துவிட்டது. அம்மா இன்றைக்கும் அந்த அம்மியைப் பற்றிக் கேட்பார்.

எல்லா அணைகளும் அம்மியைப் போல அமைவதில்லை. உருண்டைக் கல் சில்லோடு சேர்ந்து உருளும். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் பாரம் ஒரு முனையில் விழும்போது பிளக்கும். சிறிய கல்லை டயர் விழுங்கிக்கொண்டு மேலே ஏறிவிடும். மண் மூட்டை சிறிது நேரம் தாங்கும், பை கிழிந்தால் மண் சரிந்துவிடும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. வடக்கு கிழக்கில் மிதிவெடி அகற்றும் பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்துகொண்டது. ஆனாலும் மண்ணுக்குள் கிடப்பவை உடன்படிக்கையால் மட்டும் வெளியே வந்துவிடுவதில்லை. பழக்கமில்லாத இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கல்லோ கட்டையோ தேடிப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். துருப்பிடித்த இரும்புத் துண்டு எதுவாயினும் அதை எடுத்துச் சில்லுக்கு வைக்க வேண்டாம். எச்சரிக்கைப் பலகைகளையும், எல்லை காட்ட நட்டிருக்கும் தடிகளையும் பிடுங்கவே கூடாது. பிள்ளைகளிடம் "ஓடிப்போய் ஒரு கல் எடுத்து வா" என்று சொல்லும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். வண்டியோடு சொந்தக் கட்டை இருந்தால் தேடிப் போகும் தேவையே வராது.

எந்தப் பொருளில் செய்த கட்டை?

இறப்பர்: நனைந்த தார் வீதியிலும் கொங்கிரீட்டிலும் நன்றாகப் பிடிக்கும். வெயிலையும் மழையையும் தாங்கும், பிளக்காது. பாரமுள்ள பௌசருக்கு இதுதான் பொருத்தம். வாகன உதிரிப்பாகக் கடைகளில் "வீல் சொக்" என்று கேட்கலாம்.

பிளாஸ்டிக்: இலேசானது, விலை குறைந்தது. மோட்டார் காருக்கும் சிறிய இழுவைக்கும் போதும். அடியில் இறப்பர் பட்டை இல்லாவிட்டால் வழுவழுப்பான தரையில் சறுக்கும். நமது வெயிலில் நாட்பட்ட பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கும். வெடிப்பு கண்டால் மாற்றிவிடுங்கள்.

இரும்பு: வெல்டிங் கடையில் செய்விக்கலாம், பாரத்தைத் தாங்கும். வெறும் இரும்பு தாரிலும் கொங்கிரீட்டிலும் வழுக்கும். அடியில் இறப்பர் ஒட்டவோ பற்கள் வைக்கவோ வேண்டும். உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் என்பதால் வருடத்துக்கு ஒரு தடவையாவது பெயின்ட் அடிக்க வேண்டும்.

மரம்: நம்மால் செய்யக்கூடியதும் செலவு குறைந்ததும் இதுவே. பாலை, முதிரை, புளி, வேம்பு போன்ற வைரமான மரம் நல்லது. இதற்காக மரம் தறிக்க வேண்டாம், மரக்காலையில் மிஞ்சும் வெட்டுத்துண்டு போதும். முருங்கை போன்ற மென்மையான மரம் நசிந்துவிடும். கறையான் அரித்ததையும் உக்கியதையும் தவிருங்கள்.

அளவும் வெட்டும் முறையும்

முதலில் டயரின் முழு உயரத்தை நிலத்திலிருந்து அளவெடுங்கள். கட்டையின் உயரம் அதில் கால்வாசி இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 28 அங்குல டயருக்கு 7 அங்குலக் கட்டை. அடிப்பக்கம் உயரத்தைவிட நீளமாக, ஏறக்குறைய ஓர் அடி இருக்கட்டும். அகலம் டயரின் அகலத்துக்குக் கிட்டவாவது இருக்க வேண்டும்.

டயர் முட்டும் பக்கத்தை ஏறக்குறைய 45 பாகை சரிவில் வெட்டுங்கள். சரிவு குறைந்தால் சில்லு கட்டையின் மேல் ஏறிவிடும். செங்குத்தாக இருந்தால் டயரின் பாரம் கட்டையை நிலத்தோடு அழுத்தாது, முன்னுக்குத் தள்ளும். மரத்தின் நார் அடிப்பக்கத்தோடு நீளவாக்கில் ஓட வேண்டும். நார் மேலும் கீழுமாக ஓடினால் மெல்லிய முனை முதல் நாளே பிளந்துவிடும்.

அடியில் பழைய டயர்த் துண்டொன்றை ஆணி அடித்துப் பொருத்துங்கள். ஆணித் தலைகள் இறப்பருக்குள் புதைந்திருக்க வேண்டும், வெளியே நீட்டினால் அவையே வழுக்கும். பின்பக்கத்தில் ஒரு துளையிட்டு மூன்று முழக் கயிறு கட்டுங்கள். கட்டையை எடுக்கும்போது சில்லுக்குக் கீழே கையை நுழைக்காமல் தள்ளி நின்று இழுப்பதற்குத்தான் அந்தக் கயிறு. மஞ்சள் பெயின்ட் அடித்தால் இருட்டிலும் கண்ணில் படும்.

நிலத்தைப் பாருங்கள்

நிலாவெளி, உப்புவெளி போன்ற மணற்பாங்கான இடங்களில் கட்டை அமிழ்ந்துவிடும். அதன் கீழே ஒரு பலகையை வைத்து, அதன்மேல் கட்டையை வையுங்கள். வயல் ஓரச் சேற்றில் பாரமுள்ள பெட்டியைக் கழற்றாமல் இருப்பதே மேல். கிரவல் வீதியில் தளர்ந்த சரளையைக் காலால் ஒதுக்கிவிட்டு உறுதியான தரையில் கட்டையைப் பொருத்துங்கள். முடிந்தவரை சமதரையில் நிறுத்துங்கள். கட்டை எவ்வளவு நல்லதானாலும் செங்குத்தான இறக்கத்தில் பெட்டியைக் கழற்றக் கூடாது.

வைப்பதற்கு ஒரு ஒழுங்கு

முதலில் கட்டை, பிறகு கழற்றல். இந்த ஒழுங்கு மாறும்போதே ஆபத்து வருகிறது.

1. இயந்திரம் பூட்டியிருக்கும்போதே அதன் பிரேக்கைப் போட்டுவிட்டு, இறக்கப் பக்கத்தில் இரண்டு சில்லுகளுக்கும் கட்டை கொடுங்கள். கட்டை டயரின் நடுவில், நேராக, இடைவெளியின்றி முட்ட வேண்டும்.

2. மறுபக்கத்திலும் கட்டை கொடுங்கள். இரண்டு சில்லுப் பெட்டிக்கு மொத்தம் நான்கு கட்டைகள். நான்கு சில்லுப் பெட்டியில் முன் அச்சு திரும்பக்கூடியது என்பதால் பின் சில்லுகளுக்கே கட்டை வையுங்கள்.

3. முன்காலை அல்லது ஜக்கை ஒரு பலகையின் மேல் இறக்குங்கள். இரண்டு சில்லுப் பெட்டியில் பாரம் பின்பக்கம் கூடுதலாக இருந்தால், கழற்றியவுடன் முன்கம்பி மேலே கிளம்பி முகத்தில் அடிக்கும். சில்லுக் கட்டை அதைத் தடுக்காது. பாரத்தை முன்னுக்கு நகர்த்துங்கள், அல்லது பின்பக்கத்துக்கும் முண்டு கொடுங்கள்.

4. பின்னைக் கழற்றி, இயந்திரத்தை மெதுவாக ஓரடி மட்டும் நகர்த்தி நிறுத்துங்கள். பெட்டி கட்டையில் அழுந்தி நிற்கிறதா என்று பார்த்த பின்பே போக வேண்டும்.

5. தண்ணீர் குறையும்போதும் சாமான் இறக்கும்போதும் அழுந்தியிருந்த டயர் மேலெழும்பும். கட்டை தளர்ந்துவிடும். இடையிடையே பார்த்துக் கட்டையை மீண்டும் முட்ட வையுங்கள்.

6. புறப்படும்போது முதலில் இயந்திரத்தைப் பூட்டிப் பின்னைப் போடுங்கள். கட்டையை எடுப்பது கடைசி வேலை. கட்டை இறுகியிருந்தால் சுத்தியலால் அடிக்க வேண்டாம். இயந்திரத்தால் பெட்டியை மேட்டுப் பக்கம் சற்று அசைத்தால் கட்டை தானாக விடுபடும்.

எந்த நேரத்திலும் இறக்கப் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. தண்ணீர் எடுக்கும் வரிசையை மேட்டுப் பக்கத்திலோ பக்கவாட்டிலோ அமைக்க வேண்டும். பௌசரின் குழாய் இறக்கப் பக்கம் பார்த்து அமைந்தால், நிறுத்தும்போதே வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொல்லிச் சாரதியைக் கேளுங்கள். கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது. உருளத் தொடங்கிய பெட்டியைக் கையாலோ காலாலோ பிடிக்க முயல வேண்டாம். அந்த நேரத்தில் கட்டையைத் தூக்கிப் போடவும் வேண்டாம். சத்தமிட்டு ஆட்களை விலக்குவது மட்டுமே செய்யக்கூடியது.

இரண்டு மாதம் கழித்து அந்தக் கிராமத்துக்கு மீண்டும் போனேன். அக்காவின் லாண்ட்மாஸ்டர் பெட்டியின் பக்கத்தில் நான்கு கட்டைகள் கயிற்றில் தொங்கின. மரக்காலையில் வாங்கிய வேப்பந்துண்டுகள். மகன் சீவிக் கொடுத்ததாம். பெயின்ட் மட்டும் இன்னும் அடிக்கவில்லை.

"பௌசர் வாற நாளில இதைத்தான் கொண்டுபோய் அதுக்கும் வைக்கிறன் தம்பி. பிள்ளையள் நிக்கிற இடமெல்லோ" என்றார்.

ஒரு கிராமத்தில் பௌசர் நிற்கும் இடத்துக்கு நான்கு கட்டைகள் போதும். மாதர் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ அவற்றைச் செய்வித்து, அருகிலுள்ள வீடொன்றில் வைத்திருக்கலாம். அடுத்த கூட்டத்தில் இதை யாராவது ஒருவர் எடுத்துச் சொல்லுங்கள்.