கூலி மரக்கால்

எங்கள் சென்னை வீட்டில் அந்த மரக்காலுக்குள் இப்போது அம்மாவின் மாத்திரை அட்டைகள் கிடக்கின்றன. பித்தளைப் பூண் போட்ட மர மரக்கால். பாபநாசம் பக்கம் எங்கள் ஊரில், தாத்தாவின் கல்யாணத்துக்கு முன்பே பத்தாயத்தடியில் இருந்ததாம். களத்தில் தூற்றிய நெல்லை அளக்கும்போது ‘ஒன்று’ என்று தொடங்க மாட்டார்கள். முதல் மரக்கால் ‘லாபம்’. அப்புறம்தான் ரெண்டு, மூணு. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம், இரண்டு கலம் ஒரு மூட்டை. ஏறத்தாழ 60 கிலோ. எட்டு வயதில் எனக்கு இந்தக் கணக்கு தலைகீழாக வரும். பள்ளிக்கூடக் கணக்குதான் வராது.

1960-களில் கிலோவும் லிட்டரும் கட்டாயமாகிவிட்டன. எங்கள் களத்துக்கு அவை வந்து சேர மேலும் பல வருஷம் ஆயிற்று. கொள்முதல் நிலையமும் 40 கிலோ சிப்பமும் வந்த பிறகு மரக்கால் வீட்டுக்குள் ஒதுங்கியது. அரிசி அளந்தது. பொங்கலுக்குப் பொங்கல் புளி போட்டுத் தேய்த்த பூணோடு வெயிலில் உட்கார்ந்தது. அப்பா இறந்த அன்று தலைமாட்டில் நிறைமரக்காலாக, நெல்லின் மேல் ஒரு விளக்கோடு நின்றது. ஊர் வீட்டை விற்றபோது உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன்: “எத்தனை வயிற்றுக்கு அளந்தது தெரியுமா?”

அம்மாவுக்கு 86 வயது. காலையில் சாப்பிட்டது மத்தியானம் ஞாபகமில்லை. போன தை மாதம் ஒருநாள் மாத்திரைகளைக் கொட்டிவிட்டு, மரக்காலைக் கவிழ்த்து அடியைத் தடவினாள்.

“இது பெருசு இல்லடா. கூலி மரக்கால். பெருச உங்க சித்தப்பா பாகத்துல எடுத்துக்கிட்டாரு.”

வாங்க ஒன்று, கொடுக்க ஒன்று. புத்தகத்தில் படித்திருக்கிறேன். முத்திரை மரக்காலில்தான் கூலி அளக்க வேண்டும் என்பது 1940-களில் கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர்கள் செங்கொடியின் கீழ் எழுப்பிய கோரிக்கைகளில் ஒன்று. கூலி நெல் தகராறு முற்றித்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்தார்கள். அதெல்லாம் பெரிய மிராசுதார் வீட்டுச் சமாச்சாரம், நமக்கு இருந்ததே ஒரு வேலி நிலம்தானே என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அடியில் முத்திரை தேடினேன். இல்லை.

“வெண்மணி வருஷம் நீயா அளந்தே?”

“நான்தான். உங்கப்பா எதக் குடுத்தாரோ அதுல அளந்தேன்.”

பூஜைச் சாமான் கடையில் நெல் வாங்கி வந்து, தலைதட்டி, தராசில் நிறுத்தேன். இரண்டரை கிலோ வர வேண்டும். இரண்டேகால்கூட வரவில்லை. மரக்காலுக்கு இரண்டு பிடி நெல் குறைவு. தினமும், ஆளுக்கு.

அம்மா மரக்காலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தாம்பாளத்தில் கவிழ்த்து “லாபம்” என்றாள். திரும்ப அள்ளி, உள்ளங்கையால் ஒரே வீச்சில் தலைதட்டி, “ரெண்டு.” அந்தக் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. நிமிராமலே கேட்டாள்:

“இன்னைக்கு எத்தன ஆளு வந்தீங்க?”

“நான் ஒருத்தன்தாம்மா” என்றேன்.