போர்ட் கேனிங்: வளராத ரயில் துறைமுக நகரம்

கொல்கத்தாவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், சுந்தரவனத்தின் விளிம்பில், மாத்லா ஆற்றங்கரையில் ஆங்கில ஆட்சி உருவாக்க முனைந்த துறைமுக நகரம் போர்ட் கேனிங். கவர்னர் ஜெனரல் கேனிங் பிரபுவின் பெயரைத் தாங்கியது. ஹூக்ளி ஆறு தூர்ந்துபோகும், கொல்கத்தா துறைமுகம் பயனற்றுவிடும் என்று வணிகர்கள் 1853இல் எழுப்பிய அச்சமே இதற்கு வித்து. கொல்கத்தா தென்கிழக்கு ரயில்வே 1863இல் இங்கே தடம் கொண்டுவந்து சேர்த்தது. 1865இல் நிலத்தை மேம்படுத்தவும் கப்பல்துறை கட்டவும் ஒரு கம்பெனி கிளம்பியது. அதன் பங்குகளைப் பம்பாய்க்காரர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள்.

இந்நகரைப் புயல் அழித்தது என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. 'சைக்ளோன்' என்ற சொல்லைப் படைத்த ஹென்றி பிடிங்டன், 5 முதல் 15 அடி வரை கடல்நீர் ஏறி ஊரை மூழ்கடிக்கும் என்று 1853இலேயே அன்றைய கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபுவுக்கு எழுதி எச்சரித்தார். 1867 நவம்பர் 1 அன்று அடித்த புயலில் அவர் அஞ்சியது நடந்தது. சுமார் 6 அடி உயர அலை ஊரைக் கடந்தது. ரயில் நிலையமும் சரக்குக் கொட்டகைகளும் விழுந்தன. கம்பெனியின் பண்டகக் கப்பல் கட்டவிழ்ந்து வந்து ரயில்வே துறைமேடையின் பெரும்பகுதியை இடித்துப் பெயர்த்தது. ஆனால் கணக்குகள் வேறொன்றைக் காட்டுகின்றன. 1865-66இல் வந்த கப்பல்கள் 26. அடுத்த ஆண்டில் 20. புயலுக்கு முன்பே சரிவு தொடங்கிவிட்டது. புயல் வீழ்த்தியது ஏற்கெனவே தளர்ந்திருந்த ஓர் ஊரைத்தான்.

புதிதாய் முளைத்த ஊர் இத்தகைய அடியைத் தாங்காது என்று மறுக்கலாம். ஆனால் 1864இல் கொல்கத்தாவைத் தாக்கிய புயல் பல்லாயிரம் உயிர்களைக் குடித்தது. நங்கூரமிட்டிருந்த கப்பல்களைக் கரையில் தூக்கி எறிந்தது. அப்படியும் வணிகம் அங்கேயே திரும்பியது. வங்கிகள், தரகர்கள், கிட்டங்கிகள், சுங்கச்சாவடி எல்லாம் அங்கே இருந்தன. வட இந்தியச் சரக்கு வந்து இறங்கியது ஹூக்ளியின் மேற்குக் கரையில், ஹவுராவில். அன்று ஆற்றின்மேல் பாலம் கிடையாது. மூட்டையைப் படகில் ஏற்றி அக்கரை சேர்த்து, நகரைக் கடந்து, மறுபடியும் ரயிலேற்றிக் கேனிங்குக்கு அனுப்ப எந்த வணிகருக்கும் காரணமில்லை. கிழக்கு வங்கச் சரக்கு ஆற்றைக் கடக்காமல் கொல்கத்தாவின் சியால்தா நிலையத்துக்கே வந்ததே என்றால், வாங்குபவரும் விற்பவரும் கூடிய இடம் சியால்தாவுக்கு அருகில்தான் இருந்தது. இவ்வளவு தெளிவான இடரையும் மீறித் தடம் போடப்பட்டதற்கு, முதலீட்டுக்கு அரசு உறுதியளித்த 5 விழுக்காட்டு வருவாயே முக்கியக் காரணம். வண்டி காலியாக ஓடினாலும் முதலாளிக்கு இழப்பில்லை. இழப்பு அரசின் தலையில் விழுந்தது. 1868இல் அரசே ரயில்வேயை ஏற்றது. 1868-69இல் ஒரே ஒரு கப்பல்தான் வந்தது. சில ஆண்டுகளில் துறைமுகம் கைவிடப்பட்டது.

இன்றைய கேனிங், சுந்தரவனத்துக்கான நுழைவாயிலாகவும் மீன் சந்தையாகவும் வாழும் ஊர். வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களும் மீன் வியாபாரிகளும் அதிகாலையில் அதே தடத்தில் கொல்கத்தாவுக்குப் போகிறார்கள்.