நூறு யூனிட் இலவசமும் வாடகைக் குடும்பமும்

2016 மே 23 அன்று மீண்டும் முதலமைச்சரான ஜெயலலிதா கையெழுத்திட்ட முதல் கோப்புகளில் ஒன்று, தமிழகத்தின் எல்லா வீட்டு மின் இணைப்புகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரத்தை இலவசமாக்கியது. வருமானச் சான்று, விண்ணப்பம், சிபாரிசு எதுவும் கேட்கப்படவில்லை; மீட்டர் இருந்தால் போதும். திட்டத்தின் பலம் அந்த எளிமை. மீட்டர் இல்லாத ஏழை அதற்கு வெளியே நிற்பதும் அதனால்தான்.

ஏழைகளை மட்டும் பொறுக்கி எடுத்து உதவுவதே முறை என்போர் அமெரிக்காவைக் காட்டுவதுண்டு. அங்கே 1981-இல் தொடங்கிய குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கான எரிசக்தி உதவித் திட்டத்துக்கு வருமான வரம்பு உண்டு. ஆனால் ஒதுக்கப்படும் நிதிக்கு உச்சவரம்பு இருப்பதால், தகுதியுள்ள குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது எட்டுவதில்லை. பிரிட்டன் 2024-இல் முதியோருக்கான குளிர்கால எரிபொருள் உதவியை, வறியோருக்கான ஓய்வூதியத் துணைத்தொகை போன்ற உதவிகள் பெறுவோருக்கு மட்டும் என்று சுருக்கியது. தகுதியிருந்தும் அந்தத் தொகைக்கு விண்ணப்பிக்காத முதியோர் அங்கே ஏராளம், அவர்களும் விடுபட்டார்கள். எதிர்ப்பு வலுத்ததும், அடுத்த ஆண்டே ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ள முதியோருக்கு உதவியைத் திரும்பக் கொடுக்க நேர்ந்தது. வடிகட்டும் சல்லடையில் முதலில் சிக்குபவர் ஏழைதான்.

ஆகவே எல்லோருக்கும் என்ற தமிழகத்தின் தேர்வைக் குறைசொல்ல இடமில்லை. கேள்வி வேறு: மானியம் யாரை அலகாகக் கொள்கிறது? குடும்பத்தை அல்ல, இணைப்பை.

இதன் விளைவைக் கணக்கே சொல்லும். 2022 செப்டம்பர் 10 முதல் 2024 ஜூன் வரை நடைமுறையில் இருந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். 200 யூனிட் செலவழிக்கும் குடும்பத்துக்கு முதல் நூறு இலவசம். அடுத்த நூறுக்கு யூனிட் 2.25 ரூபாய் வீதம் 225 ரூபாய். தனித்தனி மீட்டருள்ள மூன்று குடும்பங்களுக்குச் சேர்த்து 675 ரூபாய். அதே மூன்று குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருந்தால் 600 யூனிட் ஆகிறது. 500 யூனிட்டைத் தாண்டியதால் சலுகை விலை போய்விடும்: 101 முதல் 400 வரை 4.50, அடுத்த நூறுக்கு 6, அதற்கடுத்த நூறுக்கு 8. மொத்தம் 2,750 ரூபாய்.

செலவான மின்சாரம் ஒன்றுதான். கட்டணமோ நான்கு மடங்கு.

ஒண்டுக்குடித்தனங்களிலும் தொழிலாளர் குடியிருப்பு லைன் வீடுகளிலும் இந்தச் சுமை சப்-மீட்டர் வழியாக வாடகைக்காரர் தலையில் இறங்குகிறது. யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டு உரிமையாளர் வைத்ததே விலை. இலவச நூறு யூனிட் அந்தக் கணக்கில் இடம்பெற வேண்டும் என்ற கட்டாயம் நடைமுறையில் இல்லை. மறுபக்கம், மாடிக்கொரு இணைப்பு வைத்திருக்கும் வசதியான குடும்பம் ஒவ்வொன்றுக்கும் நூறு யூனிட் பெறுகிறது. 2022 இறுதியில் தொடங்கிய ஆதார் இணைப்பு, இணைப்பு எண்ணோடு ஓர் ஆளைச் சேர்த்துவைத்தது. மீட்டரே இல்லாதவருக்கு அது எதுவும் செய்யவில்லை.

சட்டத்தில் வழி இருக்கிறது. 2003 மின்சாரச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, இடத்தின் உரிமையாளர் மட்டுமல்ல, அதில் குடியிருப்பவர் கேட்டாலும் மின்சாரம் தர வேண்டும் என்கிறது. ஆனால் உரிமையாளரைப் பகைத்துக்கொண்டு மனுப்போட எந்த வாடகைக்காரர் துணிவார்? வீடு காலிசெய்யச் சொல்லிவிடுவார் என்ற பயம் சட்டப் பிரிவைவிட வலுவானது.

தனி மீட்டர்கள் பெருகினால் அரசின் மானியச் செலவு கூடுமே என்ற ஆட்சேபம் எழலாம். கூடும்தான். ஆனால் அது புதிய சலுகையால் வரும் செலவல்ல; 2016-இல் எல்லா வீடுகளுக்கும் என்று அறிவித்த வாக்குறுதியின் பாக்கி.

செய்ய வேண்டியவை இரண்டு. தனிச் சமையலறையுள்ள ஒவ்வொரு குடித்தனத்துக்கும், உரிமையாளரின் சம்மதத்துக்குக் காத்திராமல், வாடகை ஒப்பந்தம் அல்லது குடும்ப அட்டையின் பேரில் மின்வாரியம் தனி மீட்டர் தர வேண்டும். அதுவரை, சப்-மீட்டரில் வசூலிக்கும் தொகை மின்வாரியத்தின் பில் தொகையைத் தாண்டக் கூடாது என்று மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விதி வகுத்து, மீறுவோருக்கு அபராதம் விதிக்க வேண்டும்.