அடுப்பு வந்த வழி

அன்று நம் தோட்டத்து லயங்களில் அடுப்பு என்றால் விறகடுப்புதான். மறுநடவுக்கு வெட்டிய பால்மரம் பக்கத்திலேயே கிடைத்தது. ஆனால் விடியுமுன் பிரட்டுக்குப் போக வேண்டிய தாய்மார்கள், ஊதி ஊதிக் கண்ணையும் நெஞ்சையும் புகைக்குக் கொடுத்தார்கள். பிறகு மண்ணெண்ணெய் அடுப்பும், அதன்பின் எரிவாயுத் தோம்பும் வந்தன.

வாயு அடுப்புக்கு இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஷார்ப் 1826-இல் காப்புரிமை பெற்றார். மின்சாரத்தால் சமைத்த விருந்தைக் கனடாவில் தாமஸ் அகெர்ன் 1892-இல் அளித்தார். இண்டக்சன் அடுப்பை அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் 1971-இல் காட்சிக்கு வைத்தது.

வாயு அடுப்பில் எந்தச் சட்டியும் ஏறும். ஆனால் சூட்டில் பாதிக்கு மேல் வெளியே வீணாகும். மின்சார அடுப்பில் முதலில் சுருள் சூடேறும், பிறகுதான் சட்டி. நிறுத்திய பின்னும் அது சுடும். இண்டக்சன் அடுப்பில் சட்டியின் அடியே நேராகச் சூடாகிறது. அதனால் வீண் குறைவு. ஆனால் மண்சட்டி அதற்கு உதவாது. காந்தம் ஒட்டும் சட்டியே வேண்டும். வாங்குமுன் வீட்டுச் சட்டிகளில் காந்தத்தை வைத்துப் பார்ப்போம்.

தோம்பு வைத்திருப்போர் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையிலே தங்கும். வாடை வந்தால் விளக்கு விசையைத் தொடாமல், தோம்பை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறுவோம்.